அத்தையின் குட்டி மரமும் அடிமட்டை கழித்த மாப்பிள்ளையும்

மாப்பிள்ளையை யாரும் திட்டக்கூடாது என்று நம் ஆட்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. யார் எழுதிய சட்டம் என்று தெரியாது, ஆனால் மீறியவர்களை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ரசத்தை ஒதுக்கி வைத்தால் தப்பு ரசத்தின் மேல். மாப்பிள்ளை காரைக் கொண்டுபோய் லோங்காங்கில் (வீட்டு வாசலில் ஓடும் சாக்கடைதான்) இறக்கிவிட்டால், அந்த லோங்காங் அங்கே இருந்திருக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் இது சொர்க்கம் என்று நினைத்தேன். திட்டு வாங்காமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு மரம் எனக்குப் புரியவைத்தது.

அப்போது நான் வீட்டோடு மாப்பிள்ளை. (சிரிக்க வேண்டியவர்கள் இங்கேயே சிரித்துவிடலாம்.) நாங்கள் வாங்கிய வீடு கட்டி முடிவதாக இல்லை. அதுவரை மலாக்காவில், பத்து பெரண்டாமில் என் மனைவி ரோஸ்லினின் அம்மா வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. மூன்று மாதம் என்றார்கள். மூன்று ஆறாகி, ஆறு பன்னிரண்டாகி, நான் அந்த வீட்டு ஹாலில் ஒரு நாற்காலியாகவே ஆகிவிட்டேன்.

என்னை எதையும் தொட விடமாட்டார் அத்தை. சாப்பிட்ட தட்டை நான் எடுத்தால் பாதி வழியில் பிடுங்கிக்கொள்வார். கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் தானே உருட்டிக்கொண்டு வருவார். நான் தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நாள் முழுக்க டன் கணக்கில் தூக்கி வைத்துவிட்டு வருகிறேன். வீட்டில் அறுபது வயது அம்மா சிலிண்டர் உருட்டுவதைக் கால்மேல் கால் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். “நீங்க உக்காருங்க மாப்பிள்ள” என்பதுதான் அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம்.

மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு எனக்கு. தலை அத்தைக்கு. பெற்ற மகள் ரோஸ்லினுக்கு வால். அவள் என் தட்டைப் பார்த்துக்கொண்டே முள் எடுப்பாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் மரியபுஷ்பம். மாமா காலமானபோது ரோஸ்லின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அத்தை அதற்கு முன்பும் பின்பும் சேர்த்து இருபத்தாறு வருடம் இங்கே ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை வைத்து ஒட்டுகிற வேலை. கடைசிப் பத்து வருடம் மற்றவர்கள் ஒட்டியதில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்று தொழிற்சாலையில் பேர். இந்தத் தகவல் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். தெரிந்தும் நான் செய்ததைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகு அத்தையின் விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. ஆனால் மரம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் ஒரு நர்சரியில் பென்சில் தடிமனில் ஒரு பாக்ஸ்வுட் கன்றை வாங்கியிருக்கிறார். அந்த நர்சரித் தவுக்கேதான் (முதலாளி), சீனக் கிழவர், கம்பி சுற்றவும் கொப்பு கிள்ளவும் சொல்லிக்கொடுத்தவர். அலுமினியக் கம்பியைக் கிளையில் சரிவாகச் சுற்றி, மாதத்துக்கு ஒரு நூல் அளவு வளைத்து, இலைகளைத் தட்டுத் தட்டாக நிற்க வைத்து, பன்னிரண்டு வருடத்தில் அதை ஒரு முழு மரமாக ஆக்கியிருந்தார். உயரம்தான் ஒன்றரை அடி. மற்றபடி வேர் பிடித்த தரை, முறுக்கிய அடிமரம், நகத்தளவு இலை, எல்லாம் நூறு வயது மரத்துக்கு உள்ளதுதான்.

அதில் இடது பக்கம் கீழே ஒரு கிளை. அத்தை அதை ‘முதல் கொப்பு’ என்பார். மரத்தின் மொத்த எடையும் அந்தக் கொப்பின்மேல்தான் சாய்ந்து நிற்பதாகக் கண்ணுக்குத் தெரியும். பாக்ஸ்வுட் லேசில் வளர்கிற ஜாதி இல்லை. அந்தக் கொப்பு ஒரு விரல் தடிமன் ஆவதற்கு எட்டு வருடம் பிடித்ததாம்.

அந்த வருடம் மலாக்கா டவுனில் ஒரு பேரங்காடியில் போன்சாய் கண்காட்சி வந்தது. தவுக்கே வற்புறுத்தி அத்தையின் பெயரைக் கொடுக்க வைத்தார். அத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மரத்தோடு வைக்க வேண்டிய அட்டை வந்த அன்று, ‘மரியபுஷ்பம்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை படித்தார். பிறகு அதை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை செர்காமில் இருந்து போன். அத்தையின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்துவிட்டது, துணைக்கு ஆள் வேண்டும். அத்தை பையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“மாப்பிள்ள, ஒரு ஒதவி.”

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை என்னிடம் கேட்கும் முதல் உதவி. நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

“சொல்லுங்க அத்த.”

“மரத்துக்குக் காலையில தண்ணி ஊத்தணும். மண்ணத் தொட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும். வேற ஒன்னும் செய்ய வேணாம்.”

“வேற ஒன்னும்னா?”

“ஒன்னும்னா ஒன்னும் இல்லலா மாப்பிள்ள. கம்பி இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும். வெள்ளிக்கிழம நான் வந்துருவேன்.”

செவ்வாய் காலை தண்ணீர் ஊற்றினேன். செவ்வாய் மாலைதான் விபரீதம். ரோஸ்லின் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அந்த வாரம் பிற்பகல் ஷிப்ட். வீட்டில் நானும் பூனையும் மட்டும். (பூனையின் பெயர் சிப். அத்தை வேலையிலிருந்து நின்ற வருடம் வந்து சேர்ந்தது.) காப்பியோடு மரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு தளிர்கள் மற்றவற்றைவிட அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, அத்தை வருவதோ வெள்ளிக்கிழமை, பாவம், அவருக்கு நேரம் எங்கே இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக நல்ல எண்ணம்தான்.

கத்தரிக்கோலை எடுத்து இரண்டையும் நறுக்கினேன். அந்தப் பக்கம் குட்டையாகிவிட்டது. சமன் செய்ய இந்தப் பக்கம் நறுக்கினேன். இப்போது இந்தப் பக்கம் குட்டை. தனக்குத் தானே முடி வெட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இலையை நறுக்க நறுக்கப் பூனை மூத்திர வாடை போல ஒன்று கிளம்பியது. பாக்ஸ்வுட் இலையின் வாசனையே அதுதான் என்பது எனக்குத் தெரியாது. சிப்பை இரண்டு அதட்டு அதட்டி வெளியே துரத்தினேன். அந்த வாரம் அந்தப் பூனைமேல் விழுந்த முதல் பழி அது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் ரத்தம் நிறுத்த விடவில்லை. நான் புலாவ் செபாங்குக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா அங்கே குலை வெட்டினார், மட்டை கழித்தார். செம்பனையில் கீழே தொங்குகிற மட்டைகளைக் கழித்துவிட வேண்டும். அப்போதுதான் பழுத்த குலை கண்ணுக்குத் தெரியும், மரமும் நிமிரும். “அடிமட்ட கழிக்காத மரம், சவரம் பண்ணாத மாப்பிள்ள” என்பார் அப்பா. மரம் என்றால் கீழே கழிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே மர சாஸ்திரம் அதுதான்.

ஆக, கழித்தேன். அடியில் இருந்த இலைகளை எல்லாம் சுத்தமாக எடுத்தேன். முதல் கொப்பில் உள்ளே இருந்த இலைகளையும் உருவிவிட்டு நுனியில் மட்டும் ஒரு கொத்து விட்டேன். மற்ற கொப்புகளுக்கும் அதே வைத்தியம். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தேன். மொழுக்கென்று அடிமரம், மேலே விரிந்த கொண்டை. அத்தையின் தொட்டியில் ஒன்றரை அடியில் அச்சு அசலாக ஒரு செம்பனை நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை மாலை அடுத்த கட்டம். கைப்பேசியில் இரண்டு காணொளி பார்த்தேன். கிளை கீழே சாய்ந்தால்தான் மரத்துக்கு வயதான தோற்றம் வரும் என்று ஒருவர் சொன்னார். முதல் கொப்பு, இலைகளை இழந்து வெறிச்சோடி, சற்று மேல்நோக்கி நிற்பது போல் எனக்குப் பட்டது. கம்பிதான் சுற்றியிருக்கிறதே, கொஞ்சம் அழுத்தினால் போதும் என்று கட்டைவிரலை வைத்தேன்.

டக்.

பெரிய சத்தமில்லை. காய்ந்த பிஸ்கட் உடைகிற சத்தம்தான். இளம் கொப்புதான் வளையும், தடித்த பாக்ஸ்வுட் கொப்பு வளையாது, ஒடியும் என்பதை அந்தக் காணொளிக்காரர் சொல்லவில்லை. (சொல்லியிருக்கிறார். மூன்றாவது காணொளியில். நான் இரண்டோடு நிறுத்திவிட்டேன்.) எட்டு வருடம் என் கையில் இருந்தது. எடைகூட இல்லை.

பிறகு என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம். டிவி மேசை இழுப்பறையில் சூப்பர் கம் இருந்தது. செருப்பு, கண்ணாடி, மாதா சுரூபத்தின் சுண்டுவிரல், எல்லாம் அந்த வீட்டில் அதனால்தான் பிழைத்திருந்தன. ஒடிந்த இடத்தில் நாலு சொட்டு விட்டு, கொப்பைப் பொருத்தி, கம்பியை இழுத்துக் கட்டி, தொட்டி மண்ணில் இருந்த பாசியைப் பிய்த்து விரிசலை மறைத்தேன். கொப்பு நின்றது. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஷிப்ட் முடிந்து வந்த ரோஸ்லின் சூடான சோப்புத் தண்ணீரில் என் விரல்களைப் பிரித்துவிட்டாள். தோலும் கொஞ்சம் போயிற்று.

“என்னத்த ஒட்டுனீங்க?”

“செருப்பு.”

“எந்தச் செருப்பு?”

“பிஞ்ச செருப்பு.”

நர்ஸுகளுக்கு எந்த நோயாளி பொய் சொல்கிறான் என்று தெரியும்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நுனிக் கொத்து பச்சைப் பசேலென்று இருந்தது. கொப்பு பிழைத்துவிட்டது, மரமும் நானும் தப்பித்தோம் என்று முடிவு செய்தேன். வெட்டிப் போட்ட பாக்ஸ்வுட் கொப்பு தரையில் கிடந்தால்கூட வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும் என்று எனக்கு யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை மதியம் அத்தை வந்தார். பையைக்கூட இறக்காமல் மரத்தின் முன்னால் போய் நின்றார். அவர் மூச்சு ஒரு தடவை மட்டும் பெரிதாக வந்தது. நான் பின்னால் நின்று அவருடைய முதுகைப் படிக்க முயன்றேன்.

“காத்து கீத்து அடிச்சிச்சா மாப்பிள்ள?”

“ஆமாத்த. புதங்கெழம ஒரே காத்து.”

“ஓ.”

“பூனயும் ரெண்டு தடவ மேல ஏறிருச்சு. நான்தான் வெரட்டி வுட்டேன்.”

“ஓ,” என்றார் அத்தை மறுபடி. பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். இருபத்தாறு வருட மைக்ராஸ்கோப்பை ஒரு பூனையை வைத்து ஏமாற்றிவிட்டதாக நினைத்த அந்த இளைஞனை இன்று எங்கேயாவது பார்த்தால், தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

அன்று மாலையிலிருந்து அத்தை பூனையோடு பேச ஆரம்பித்தார்.

“ஏன் சிப்பு, ஒனக்கு நான் என்னா கொற வச்சேன்? தப்புப் பண்றது எல்லாரும் பண்றதுதான். பண்ணேன்னு சொல்லணும்.” சிப் காலை நக்கிக்கொண்டிருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பூனை மீனைத் திருடியிருக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை: “சொன்னா யாரு ஒன்ன அடிக்கப் போறா சிப்பு? அப்படியா ஒன்ன வச்சிருக்கோம்?”

சனிக்கிழமை மதியம் மீன் குழம்பு. என் தட்டில் நடுத்துண்டு, வழக்கத்தைவிடப் பெரியது. “நல்லாச் சாப்புடுங்க மாப்பிள்ள” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழே குனிந்து, “ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த” என்றார்.

ரோஸ்லின் என்னை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். “அம்மா ஏன் பூனகிட்டப் பேசுறாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“வயசாகுதுல்ல.”

தன் கையில் ஏற்றியிருந்த டிரிப்பைத் தானே பிடுங்கிப் போட்ட நோயாளியைப் பார்ப்பது போல் அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளுக்குச் சொல்வது போல் மருமகளுக்குச் சொல்வார்கள் என்று ஊரில் கேட்டிருக்கிறேன். பூனைக்குச் சொல்வது போல் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் அத்தை. நேராகக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு நாளாக அந்த அம்மா எனக்கு வழி திறந்துவிட்டுக்கொண்டே இருக்கிறார், நான் பேப்பர் படிக்கிறேன்.

சொல்லிவிடுவது என்று சமையலறைக்குப் போனேன். “அத்த,” என்றேன். அவர் சட்டென்று திரும்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “டீ கெடைக்குமா?” என்றேன். இதே போல மூன்று தடவை. அன்று மாலைக்குள் மூன்று டீ குடித்தேன். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். திட்டமாட்டார், “பரவால்ல மாப்பிள்ள” என்பார். அந்த ‘பரவால்ல’வைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து கிளம்பினோம். அத்தை மரத்தை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கும் மரத்துக்கும் சேர்த்து ஒரே சீட் பெல்ட். நான் ஒவ்வொரு வேகத்தடை மேட்டிலும் காரை நிறுத்தி ஏற்றி இறக்கினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே களைத்துப் போனார்கள். பூசையில் செய்யாத வேண்டுதலை எல்லாம் அந்தச் சாலையில்தான் செய்தேன்.

பேரங்காடியின் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். இருபது மரங்கள் இருக்கும். கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் சீனப் பெரியவர்கள், இரண்டு மலாய்க்காரர்கள். பெண் என்றால் அத்தை மட்டும்தான். தமிழ் முகமும் அவர் மட்டும்தான். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையில் வந்திருந்தார். அட்டையை மரத்துக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தார், கோணலாக இருந்ததைச் சரி செய்தார், பிறகு மறுபடியும் சரி செய்தார்.

நடுவர் ஒல்லியான சீனக் கிழவர். கையில் சின்ன டார்ச் லைட், ஒரு சாப்ஸ்டிக். அடிமரத்தில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மேலே பார்த்தார், அங்கே ஆடாமல் நின்றது தலை. இந்த மொட்டைக் கொப்புகளுக்கும் அந்த அடிமரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. சாப்ஸ்டிக்கை நீட்டி, முதல் கொப்பின் நுனியை லேசாக, கொசுவைத் தட்டுவது போல், தூக்கினார்.

கொப்பு கழன்று வெள்ளைத் துணியில் விழுந்தது. கம்பியோடு, பச்சை இலையோடு, நான் ஒட்டிய பாசியோடு.

கிழவர் அதைக் கையில் எடுத்து, முறிந்த இடத்தில் டார்ச் அடித்து, மோந்தும் பார்த்தார். “கம்,” என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “சியாப்பா புவாட்?” என்று மலாயில் கேட்டார். யார் செய்தது?

“சாயா,” என்றார் அத்தை. நான்தான்.

அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அதில் அதிர்ச்சி இல்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தே வந்தவரின் முகம் அது. அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர், தன் பெயர் போட்ட அட்டைக்கு முன்னால், பட்டுச் சேலையில், என் பிழையைத் தன் பிழை என்று சொல்லிவிட்டு நிற்கிறார். மாப்பிள்ளைக்கு நாலு பேர் முன்னால் தலை குனிவு வரக்கூடாதாம். எனக்கு வந்த வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததே இல்லை.

பள்ளிக்கூடப் பையன் போலக் கையைத் தூக்கினேன். “புக்கான் டியா,” என்றேன். அவர் இல்லை. “சாயா பொத்தோங். சாயா பாத்தாக்கான். சாயா கம்.” வெட்டியது நான், ஒடித்தது நான், ஒட்டியதும் நான். எதற்கும் இருக்கட்டும் என்று தோல் உரிந்த விரல்களையும் காட்டினேன்.

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவன் யார் என்பது போல அத்தையிடம் திரும்பினார்.

“மெனந்து,” என்றார் அத்தை. மருமகன்.

“ஓ,” என்றது கூட்டம் முழுவதும். அந்த ஒரு வார்த்தையில் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் தமக்கும் இரண்டு மெனந்து இருப்பதாகச் சொல்லி அத்தைக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தார். நடுவர் கொப்பை என் கையில் வைத்தார். முறிந்த கட்டையை அப்படியே விட்டுச் செதுக்கினால் பட்ட மரத்தின் அழகு வரும், மரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை முன்பக்கமாக்கலாம், சில வருடம் பொறுத்துக் கொண்டு வாருங்கள் என்று அத்தையிடம் சொன்னார். போகும்போது நின்று, அது என்ன கம் என்று என்னிடம் விசாரித்தார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். அத்தை மரத்தைப் பின் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டார். கதவைச் சாத்தினார். திரும்பினார்.

“ஏன்டா, அறிவிருக்கா ஒனக்கு?”

ரோஸ்லின் பதறிவிட்டாள். “அம்மா, மாப்பிள்ளம்மா.”

“மாப்பிள்ளயாவது தோப்பிள்ளயாவது. ஒன்னும் செய்யாதன்னு சொன்னேனா இல்லியா? இது என்னா செம்பனையா? இந்த மாதிரி மொட்ட அடிச்சிருந்தா செம்பனகூடச் செத்துப் போயிருக்கும். ஒங்கப்பாவ அன்னிக்கே தோட்டத்த வுட்டு அனுப்பியிருப்பாங்க. எட்டு வருசம்டா அந்தக் கொப்பு. இவ நர்ஸ் படிச்சு முடிச்சு வேலைக்கும் போயிட்டா, அது வெரல் தடிமன் ஆவல.”

“தெரியும்த்த.”

“என்னா தெரியும் ஒனக்கு? ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது. மரந்தானே. வந்து ஒரு வார்த்த சொன்னியா? பூனகிட்டப் பேசிப் பேசி எனக்கே பைத்தியம் புடிச்சிரும்போல ஆயிருச்சு. அந்தப் பூன என்னா பாவம் பண்ணிச்சு?”

“தெரிஞ்சும் ஏன்த்த கொண்டாந்தீங்க?”

“வேற என்னா செய்யச் சொல்ற? தவுக்கே ஏன் வரலன்னு கேப்பாரு. மாப்பிள்ள ஒடச்சிட்டாருன்னு சொல்லவா? நீயா சொல்லுவேன்னு கடேசி மேடு வரைக்கும் பாத்தேன். நீ என்னமோ முட்ட லாரி ஓட்ற மாதிரி ஓட்டிக்கிட்டு வர்ற.”

பதினைந்து நிமிடம். மூன்று கார்கள் எங்கள் இடம் காலியாகும் என்று காத்திருந்து போய்விட்டன. நான் கொப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றேன். என் கண் கலங்கிவிட்டது. வெட்கம்தான் காரணம் என்று அன்று நினைத்தேன். முழுக்க அதுவல்ல. என் அம்மா திட்டுவதும் இப்படித்தான், மூச்சு விடாமல், அப்பாவையும் இழுத்து வைத்து.

வீட்டுக்கு வந்ததும் நேற்றைய மீன் குழம்பைச் சூடு பண்ணினார் அத்தை. உட்கார்ந்தோம். என் தட்டில் வால் துண்டு விழுந்தது. நடுத்துண்டு ரோஸ்லினுக்கு. அவள் அதை என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து நான் வழக்கம்போல நாற்காலிக்கு நகர்ந்தபோது, “தட்ட யாரு கழுவுவா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தட்டைக் கழுவினேன். அத்தையின் தட்டையும் சேர்த்துக் கழுவினேன். அன்று சாயங்காலம் கேஸ் சிலிண்டரையும் உருட்டச் சொன்னார், அது தீராமலேயே.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீடு கட்டி முடிந்து நாங்கள் போய்விட்டோம். ஆனால் சனிக்கிழமைதோறும் நான் அத்தை வீட்டில் ஆஜராக வேண்டும் என்பது தீர்ப்பு. முறிந்த கட்டையை அவர் சொல்லச் சொல்ல நான்தான் செதுக்கினேன், ஒரு நாளைக்கு ஒரு நகக்கண் அளவு. மரத்தைத் திருப்பி வைத்தோம். நான் மொட்டையடித்த கொப்புகளில் இரண்டு பட்டுப்போயின, மற்றவை மெல்லத் துளிர்த்தன. பின்பக்கம் இருந்த ஒரு சுள்ளியை முதல் கொப்பாக வளர்த்தோம். முதல் மூன்று வருடம் எனக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் அனுமதி. நாலாவது வருடம் கம்பி வெட்டிக் கொடுத்தேன். இப்போது சின்னக் கொப்புகளுக்கு நானே கம்பி சுற்றுகிறேன், அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் எது உடைந்தாலும், கப் ஆனாலும் கல்யாணம் ஆனாலும், “அவர்கிட்டக் குடு, கம் போடுவாரு” என்பது குடும்ப வழக்கமாகிவிட்டது.

இந்த வருடம் கண்காட்சிக்கு மறுபடி மரத்தைக் கொண்டுபோனோம். மூன்றாவது பரிசு. அட்டையை அத்தையே எழுதியிருந்தார். மரம்: பாக்ஸ்வுட். வளர்த்தவர்: மரியபுஷ்பம். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ஒடித்தவர்: மெனந்து. மரத்தைப் படம் எடுத்தவர்களைவிட அந்த அட்டையோடு என்னை நிறுத்திப் படம் எடுத்தவர்கள்தான் அதிகம். அத்தை ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார், பூனையோடு பேசியது உட்பட.

அன்று மாலை அத்தை வீட்டில் விருந்து, மீன் குழம்பு. சந்தோஷத்தில் கை தவறியதோ என்னவோ, ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் தட்டில் நடுத்துண்டு வந்து விழுந்தது. சோற்றில் கை வைக்காமல் நிமிர்ந்து பார்த்தேன்.

“அத்த, நான் ஒன்னும் ஒடைக்கலியே,” என்றேன்.

ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அத்தை கரண்டியை நீட்டி அந்தத் துண்டைத் திரும்ப எடுத்து, வாலைப் போட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.